மேல் தட்டுச் செடிகள்

அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பேசணும்னா தொடணும். மணி என்னன்னு கேக்கணும்னாலும் நம்ம மணிக்கட்டைப் பிடிச்சு, வாட்ச் கட்டியிருக்கோமோ இல்லையோ, ஒரு திருப்பு திருப்பிட்டுத்தான் கேக்கும். சாப்ட்டியான்னு கேக்குறப்ப வயித்துல ஒரு தட்டு. தலைக்கு எண்ண வெக்கிறதே இல்லியான்னு கேக்குறப்ப தலையிலயே ஒரு தடவல். எங்க சார் சட்டையில நூல் தொங்கினா, அவர் யாரோட பேசிட்டிருந்தாலும் சரி, நடுவுல பூந்து அதைப் பிச்சு எடுத்துட்டுத்தான் மறுவேலை. அந்த மனுஷன் கூச்சப்பட்டு ரெண்டு அடி பின்னால போவார், அக்கா ரெண்டு அடி முன்னால போகும். கொரோனா வந்து ஊரே ஒருத்தரை ஒருத்தர் தொடாம ஒதுங்கிப் போன நாள்லகூட, அக்கா முழங்கையால இடிச்சு இடிச்சுப் பேசக் கத்துகிச்சு.

"ஏங்க்கா, உங்களுக்குத் தொடாம பேசவே வராதா?"ன்னு ஒருநாள் எரிச்சலா கேட்டுட்டேன்.

"வாயால சொன்னா காதோட நின்னுபூடும்மே. தொட்டு சொன்னாத்தான் உள்ள போவும்." சொல்லிட்டு, இதுவும் உள்ள போகணும்ல, தோள்ல ஒரு குத்து விட்டுச்சு.

திருவொற்றியூர் ஹைரோட்டை ஒட்டின ஒரு காலேஜ்ல, தாவரவியல் துறையில சார்கிட்ட நான் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன். அங்க கூட்டிப் பெருக்கி, மேஜை துடைச்சு, கண்ணாடிச் சாமான் கழுவுற வேலை அக்காவுக்கு. காண்ட்ராக்ட் ஆளு. ஒம்போது வருஷமா அதே வேலை. பேரு எனக்கு நல்லா தெரியும், ஆனா இங்க எழுதல. எழுத வேண்டிய இடம் ஒண்ணு இருந்துச்சு, அங்க எழுதாம விட்டுட்டேன். இப்ப வந்து இங்க எழுதுறதுக்கு எனக்கு என்ன யோக்யதை இருக்கு?

என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடணும். நான் வியாசர்பாடிப் பொண்ணு. ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி, அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர், வீட்ல சாமி படம் மாட்டுற இடத்துல புத்தர் படம். ஆனா காலேஜ்ல யாராவது ஏரியா எதுன்னு கேட்டா "டோல்கேட்"னு சொல்லிடுவேன். முழுப் பொய்யும் இல்ல, டோல்கேட்லதான் பஸ் மாறுவேன். லேப்ல நான் பேசுற தமிழும் வேற. 'இன்னா', 'கீது' எல்லாத்தையும் வாசல்ல செருப்போட கழட்டி விட்டுட்டுத்தான் உள்ள போவேன். வியாசர்பாடின்னு சொன்னா எதிர்ல இருக்கறவங்க முகத்துல ஒரு செகண்டு ஒண்ணு வந்து போகும் பாருங்க, அதை ஸ்கூல்லயே நிறைய பாத்தாச்சு. போதும்னு தோணிடுச்சு.

ஒருநாள் கண்ணாடிக் குடுவை ஒண்ணு கை தவறி விழுந்து சுக்கு நூறா போச்சு. "ஐயே, பேஜாரா பூட்ச்சே!"ன்னு வாயில வந்துடுச்சு. திரும்பிப் பாத்தா, நல்லவேளை யாரும் இல்ல, அக்கா மட்டும் துடைப்பத்தோட நிக்குது. கிட்ட வந்து கன்னத்தைப் புடிச்சு ஒரு கிள்ளு.

"எந்த பிளாக்குமே நீ?"

"நான் டோல்கேட்க்கா..."

"சர்தான், சர்தான். டோல்கேட்டு."

கண்ணடிச்சுட்டுக் கண்ணாடியைப் பெருக்க ஆரம்பிச்சுடுச்சு. அன்னியிலேர்ந்து நாலு பேர் முன்னாடி என்னைக் கூப்பிடுறதுன்னா "டோல்கேட்டு பொண்ணே"தான். நான் சொன்ன பொய்க்கு அதுவே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. தனியா இருக்கறப்ப மட்டும் காதுகிட்ட வந்து, "உங்க வூட்டுலேர்ந்து நடந்தா நாங்க, புளியாந்தோப்பு"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கும். வருஷக் கணக்கா யாருகிட்டயும் அதைப் பத்தி வாயைத் திறக்கல. எதைக் கேட்டாலும் அடுத்த நிமிஷம் பத்து பேரைத் தொட்டு சொல்லிட்டு வர்ற அக்கா, அந்த ஒண்ணை மட்டும் அப்படியே அமுக்கி வெச்சிருந்துச்சு.

என் ஆராய்ச்சி என்னன்னா, செடியோட செல்லுக்குள்ள கால்சியம் எப்படி சேதி கொண்டு போகுதுங்கிறது. செடி, கடுகுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு பொடிச் செடி. மண்ணோட ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு இலை விரிச்சிருக்கும், நடுவுல குச்சியா ஒரு தண்டு எழும்பி வெள்ளையா பூக்கும்.

"இத்தினூண்டு செடிய வெச்சுகினு இன்னாமே பண்ற? கீரையும் இல்ல, பூவுன்னும் சொல்ல முடில"ன்னு அக்கா கேட்டுச்சு.

"கால்சியம் பாக்குறேன்க்கா."

"முட்டி வலிக்கு டாக்டரு மாத்திர எய்தி குடுத்தாரே, அந்த கால்சியமா?"

"அதேதான். சுண்ணாம்புச் சத்து."

"சுண்ணாம்பா! வெத்தலைல தடவுற சுண்ணாம்புக்கு எலைக்குள்ள இன்னா வேல?"

எனக்கு அன்னிக்கு நல்ல மூடு. யாராவது என் வேலையைப் பத்திக் கேக்க மாட்டாங்களான்னு ஏங்கிட்டிருந்த காலம் வேற. உக்கார வெச்சு சொன்னேன். செல்லுக்குள்ள எப்பவும் கால்சியத்தை ரொம்பக் கொஞ்சமாத்தான் வெச்சிருக்கும். மீதியை எல்லாம் வெளியில சுவர்லயும், உள்ள ஒரு அறையில பூட்டியும் வெச்சிருக்கும். பூச்சி கடிச்சாலோ, வேர்ல உப்புத் தண்ணி பட்டாலோ, சட்டுனு கதவு திறக்கும், கால்சியம் உள்ள பாயும். செல்லு அதைப் பாத்துத்தான் ஏதோ நடக்குதுன்னு தெரிஞ்சுக்கும். அப்புறம் எல்லாத்தையும் வெளிய இறைச்சுக் கொட்டிட்டுக் கதவைச் சாத்திக்கும், அடுத்த சேதிக்கு இடம் வேணும்ல.

"அப்ப சுண்ணாம்பு எப்பயும் உள்ளயே கெடந்தா சேதி இல்ல. வெளிய கீறது உள்ள வந்தாத்தான் சேதி"ன்னுச்சு அக்கா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அதைப் புரிஞ்சுக்க நான் ஒரு செமஸ்டர் எடுத்துகிட்டேன்.

சும்மா விடுவேனா, நுண்ணோக்கி இருக்கற இருட்டு அறைக்கே கூட்டிட்டுப் போனேன். எங்க செடிங்களுக்குள்ள சொறிமீனோட, அதான் ஜெல்லி மீனோட, ஒளிர்ற புரதம் ஒண்ணை ஏத்தி வெச்சிருப்போம், கால்சியம் ஏறினா அந்த இடம் பச்சையா ஒளிரும். "காசிமேட்டுல வலைல மாட்டுனா கையெல்லாம் அரிக்குமே, அந்த சொறியா?"ன்னு அக்கா புடவைத் தலைப்பால கையைத் துடைச்சுகிச்சு. கிடுக்கியால ஒரு இலையோட ஓரத்தை நறுக்குனு அழுத்தினேன். திரையில அந்த இடம் பளிச்சுனு பச்சையாச்சு. அப்புறம் அந்தப் பச்சை நரம்போட நரம்பா ஓடி, நடுத்தண்டுக்கு வந்து, எதிர்ப்பக்கம் யாருமே தொடாத ஒரு இலைக்குள்ள போய்ப் பரவுச்சு.

அக்கா என் கையை இறுக்கிப் புடிச்சுகிச்சு. நகம் பதியுற அளவுக்கு.

"எங்க பிளாக்குல தண்ணி லாரி வந்தா கீய் வூட்டுக்காரி கொடத்துல ஒரு தட்டு தட்டுவாம்மே. அத்த கேட்டு மாடில ஒருத்தி தட்டுவா. அஞ்சு நிமிட்ல மொத்த பிளாக்கும் கொடத்த தூக்கினு கீய நிக்கும். மெய்யாலுமே அதாம்மே இது!"

பின்னால ஒரு கருத்தரங்குல இந்தக் குடம் தட்டுற கதையை என்னோட உதாரணமாவே சொன்னேன். நல்லா கைதட்டினாங்க. நன்றின்னு சொல்லிட்டு வந்து உக்காந்தேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டுச்சு, "கடிச்சாத்தான் இப்டியா, சும்மா தொட்டாக்கூடவா?"

"தொட்டாலும்தான்க்கா. லேசா ஒரு மினுக்கு மினுக்கும்."

"அப்ப நான் தொட்றது அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அக்கா முகத்தைப் பாக்கணும் அப்போ. அந்தக் கட்டடத்துல ஒம்போது வருஷத்துல யாரும் அதுகிட்ட அப்படி ஒண்ணு சொன்னதில்ல போல. நான்தான் சொன்னேன். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, நானும் மறக்கப் பாத்து முடியாமத்தான் எழுதுறேன்.

இனிமே நான் பண்ணினது. நம்ம பக்கம் நிலத்தடித் தண்ணி உப்பாப் போனது எல்லாருக்கும் தெரியும், அதையே தலைப்பா எடுத்திருந்தேன். செடி வளர்க்குற ஏ.சி. அறையில இரும்பு ரேக்கு ஒண்ணு. மேல் தட்டுச் செடிங்களுக்கு நல்ல தண்ணி, கீழ் தட்டுச் செடிங்களுக்கு உப்பு கலந்த தண்ணி. கீழ இருக்கறது குட்டையாகும், மேல இருக்கறது வளரும், ரெண்டுலயும் கால்சியம் எப்படி ஓடுதுன்னு பாக்கணும். அந்த நேரம் பாத்து அறைக்குள்ள வெள்ளை ஈ பூந்துடுச்சு. தினம் காலையில இலைக்கு அடியில முட்டை இருக்கான்னு பாத்தாகணும், அதுவும் எட்டு மணிக்கெல்லாம். எனக்கு அந்த நேரத்துக்கு வர சோம்பேறித்தனம். வேற காரணம் இருந்துச்சுன்னு சொல்ல ஆசைதான். இல்ல, சோம்பேறித்தனம்தான்.

"அக்கா, நீங்க சீக்கிரம் வந்துடுறீங்கல்ல, அப்படியே இலையை லேசா தூக்கிப் பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்"னு சொன்னேன்.

அதுக்கு மறுநாளிலேர்ந்து டாண்ணு எட்டேகாலுக்கு என் போன்ல அக்காவோட குரல் வரும். "டோல்கேட்டு பொண்ணே, மேல் தட்டு அல்லாத்தையும் எல எலயா தடவிப் பாத்துட்டேன். பூச்சி கீச்சி ஒண்ணியும் கெடியாது, ஷோக்கா கீது. கீய் தட்டுக்குக் குனிய முடிலம்மே, முட்டி வுட மாட்டுது. அத்த நீ வந்து பாத்துக்க." நான் படுக்கையில இருந்தபடியே கேட்டுட்டு ஒரு கட்டை விரலைத் தட்டி அனுப்புவேன். நல்லதுன்னு அர்த்தம். தினம் ஒரு குரல், தினம் ஒரு கட்டை விரல். மூணு மாசம்.

எல எலயா தடவிப் பாத்தேன்னு தினம் சொல்லிச்சு. தினம் என் காதுல விழுந்துச்சு. காதோட நின்னுடுச்சு.

மூணு மாசம் கழிச்சு ஸ்கேலை எடுத்து அளந்தா, மேல் தட்டும் கீழ் தட்டும் ஒரே உயரம். நல்ல தண்ணி குடிச்சதும் குட்டை, உப்புத் தண்ணி குடிச்சதும் குட்டை. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த வாரம் ஆராய்ச்சிக்கு உதவி குடுக்கறவங்க குழுவா வந்து பாக்கப் போறாங்க, சார் அவங்ககிட்ட பிரமாதமா வந்திருக்குன்னு வேற சொல்லி வெச்சிருக்கார். விளக்கைப் பாத்தேன், மண்ணைப் பாத்தேன், தண்ணியைப் பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு. ஒருநாள் வழக்கத்துக்கு மாறா காலையில ஏழரைக்கே போனேன்.

அறைக்குள்ள அக்கா ரேக்கு முன்னாடி நிக்குது. அக்காவோட நெஞ்சு உயரத்துல மேல் தட்டு. ஒவ்வொரு செடியையும் அடியிலேர்ந்து நுனி வரைக்கும், குழந்தைக்குத் தலை வாரி விடுற மாதிரி, தடவித் தடவிப் பேசிட்டிருக்கு. "நைனா, ராத்திரி நல்லா தூங்குனியா? நீ இன்னாடி சோந்து கீற? தோ பாரு, அக்கா வந்துட்டேன்." ஒரு செடியும் பாக்கி இல்ல. பூச்சி பாக்குறது ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கு மேல முழுக்க முழுக்கக் கொஞ்சல். சாயங்காலம் கிளம்புறப்பவும் ஒரு சுத்து உண்டாம், அப்புறம்தான் தெரிஞ்சுது.

செடியைத் திரும்பத் திரும்பத் தொட்டா கால்சியம் திரும்பத் திரும்ப ஏறி, செடி எதுவோ தாக்குதுன்னு உஷாராகி, வளர்றதை நிறுத்திக்கும். இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியே இல்ல. பாடப் புத்தகத்துல இருக்கு. பரிட்சையில நான் எழுதியும் இருக்கேன்.

நான் கத்தல. அதுக்குப் பதிலா அதை விட மோசமா ஒண்ணு பண்ணினேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சிவப்பு மார்க்கர்ல கொட்டை எழுத்துல எழுதி, ரேக்குல மேல் தட்டுக்கு நேரா டேப் போட்டு ஒட்டினேன்.

தொடாதே.

துறையில இருக்கற மத்த எல்லா அறிவிப்பும் இங்கிலீஷ். இது ஒண்ணுதான் தமிழ். 'தொடாதீர்கள்'னு எழுதணும்கிற மரியாதைகூட அந்த நேரத்துல வரல. அக்கா பக்கத்துல வந்து நின்னு, ஒவ்வொரு எழுத்தா விரலால காட்டி, ஆனா தாளைத் தொடாம, படிச்சுது.

"தொ... டா... தே."

அப்புறம் சிரிச்சுது.

"எங்கம்மா வூட்டு வேலைக்குப் போன காலத்துல இத்த எய்தி ஒட்ட மாட்டாங்கம்மே, வாயாலயே சொல்லிடுவாங்க. எனக்குப் படிக்கத் தெரியும்ல, அதான் நீ எய்திட்டே."

"ஐயோ, அது இல்லக்கா, இது செடிக்காக..."

"செடிக்கு எங்கம்மே படிக்கத் தெரியும்?"

எங்க அம்மா எந்த வீட்டுல கொல்லைப்பக்கமா நின்னு, கை படாம தூக்கி ஊத்தின தண்ணியைக் குடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவதானே நான். அந்த வார்த்தையை யார் எழுதினாலும் நான் எழுதியிருக்கக் கூடாது. தாளைக் கிழிச்சுப் போட்டிருக்கணும், கையும் தாள் வரைக்கும் போச்சு. செடியைக் காப்பாத்தணும்லன்னு எனக்கு நானே சொல்லிகிட்டு நின்னுட்டேன்.

ஒட்டின தாளைப் பாத்து விஷயம் தெரிஞ்சு, ரெண்டு நாள் கழிச்சு சார் எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் மேஜையில பழுப்பு நிறக் கவர் ஒண்ணு இருந்துச்சு. அதுல என்ன இருக்குன்னு துறைக்கே தெரியும். லேப் உதவியாளர் வேலை ஒண்ணு காலியாகி, அதுக்கு அக்காவை நிரந்தரமா எடுத்துக்கலாம்னு சார் எழுதின கடிதம். அக்கா அதைப் பத்தி ஆறு மாசமா எல்லாரையும் தொட்டுத் தொட்டு சொல்லிட்டிருந்துச்சு. வெள்ளை கோட்டு தெக்கக்கூட அளவு குடுத்தாச்சு.

சார் அக்காவைப் பாத்துக் கேட்டார். "யாரும்மா உங்களை செடியைத் தொடச் சொன்னது?"

அக்கா என்னைப் பாத்துச்சு. அதோட கையில போன் இருந்துச்சு. அந்தப் போன்ல மூணு மாசத்துக் குரலும், ஒவ்வொண்ணுக்கும் கீழ என்னோட கட்டை விரலும் இருந்துச்சு. ஒரு வார்த்தை பேச வேணாம், திறந்து மேஜை மேல வெச்சிருந்தா போதும்.

நான் முந்திகிட்டேன். "நான் யாரையும் தொடச் சொல்லல சார்."

அக்கா வாய் திறந்துச்சு, மூடுச்சு. அந்த வாய் சேதி சொல்லாம மூடினதை அன்னிக்குத்தான் பாத்தேன். போனை மெதுவா இடுப்புல செருகிகிச்சு.

"நானாத்தான் சார் தொட்டேன். இந்தக் கை சும்மா இருக்க மாட்டுது."

சார் கவரை எடுத்து டிராயருக்குள்ள போட்டு மூடினார். திட்டக்கூட இல்ல. சாயங்காலம் காண்ட்ராக்ட்காரர் போன் பண்ணி, திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்னு அக்காகிட்ட சொல்லிட்டார். சனிக்கிழமை அக்கா எல்லாரையும் பாத்துட்டுப் போகும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் காய்ச்சல்னு மெசேஜ் போட்டுட்டு வீட்லயே இருந்தேன். காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போன்ல அக்காவோட குரல் எல்லாத்தையும் ஒண்ணு விடாம அழிச்சேன். என் போன்லேர்ந்து மட்டும்தான் அழியும்னு தெரிஞ்சேதான் அழிச்சேன்.

கொடுமை இன்னும் முடியல. அந்தக் குட்டைச் செடிங்களைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, போகட்டும்னு மேல் தட்டுக்கும் உப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன். ஒப்பிட்டுப் பாக்க அதே உப்புத் தண்ணி ஊத்தின, புதுசா வளர்த்து வெச்சிருந்த உயரமான செடிங்க நாலஞ்சு நாள்ல வாடிச் சாய்ஞ்சுது. அக்கா தடவின செடிங்க தலை நிமிந்து நின்னுச்சு. தினம் தொட்டுத் தொட்டு உஷாராகி இருந்ததால, நிஜமான கஷ்டம் வந்தப்ப அதுங்கதான் தாக்குப் பிடிச்சுது. சார் துள்ளிக் குதிச்சார். தலைப்பையே மாத்தினோம். அப்புறம் ரெண்டு வருஷம் நானே பெயிண்ட் பிரஷ்ஷால காலையிலயும் சாயங்காலமும் செடிங்களைத் தடவினேன், 'தொடாதே'ன்னு நானே ஒட்டின தாளுக்கு முன்னாடி நின்னுகிட்டு. புதுசா வந்த பெருக்குறவங்க அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டு ரேக்குப் பக்கமே வரல.

ஆய்வேட்டுல அக்காவோட கைக்கு நான் வெச்ச பேரு 'இயந்திரத் தூண்டல்'. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். நன்றியுரையில சார் பேர் இருக்கு, ஏ.சி. ரிப்பேர் பண்ணினவர் பேர் இருக்கு, டைப் அடிச்சுக் குடுத்தவங்க பேர் இருக்கு. அக்கா பேரை மூணு தடவை எழுதி மூணு தடவை அழிச்சேன். எழுதினா, இவங்க என்ன பண்ணாங்கன்னு யாராவது கேப்பாங்க. கேட்டா, யார் பண்ணச் சொன்னதுன்னு அடுத்து கேப்பாங்க. பயம், வேற ஒண்ணும் இல்ல. இன்னிக்கு என் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கறேன்.

போன மாசம் டோல்கேட்ல திருவொற்றியூர் போற ஷேர் ஆட்டோல ஏறினேன். ஏறி உக்காந்தப்புறம்தான் பாத்தேன், உள்பக்கம் ஓரத்துல அக்கா. முடி நல்லா நரைச்சிருக்கு. மடியில ஒரு ஒயர் கூடை.

"யாரு, டோல்கேட்டு பொண்ணா!" குரல் அப்படியே இருக்கு. "நல்லா கீறியாமே? படிப்பு முடிஞ்சிதா? டாக்டரு ஆயிட்டியா?"

"ஆயிட்டேன்க்கா."

"ஷோக்கு. நான் மணலி புதுநகராண்ட ஒரு ஃப்ளாட்டுல கூட்டுறேன். இன்னிக்கு லீவு, மக வூட்டுக்குப் போறேன். உங்கப்பாரு எப்டி கீறாரு? நம்ம செடிங்கல்லாம் எப்டி கீது?"

எல்லாத்தையும் கேட்டுச்சு. ஒண்ணு விடாம, ஆசையா, சிரிச்சுகிட்டே கேட்டுச்சு. ஆனா கை ரெண்டும் கூடைக் காதைப் புடிச்ச புடியில இருந்துச்சு. நான் எப்ப வயித்துல தட்டும், எப்ப மணிக்கட்டைத் திருப்பும்னு காத்திருந்தேன். ஆட்டோ ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினப்ப மொத்த ஜனமும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சோம். அக்கா மட்டும் மேல இருந்த கம்பியை எட்டிப் புடிச்சு, என் மேல சாயாம நிமிந்து உக்காந்துகிச்சு.

பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாக்கல.

"அக்கா, நான்தானே உங்களைத் தொடச் சொன்னேன். சார்கிட்ட நான் பொய் சொன்னேன்க்கா."

"தெரியும்மே." கூடையிலேர்ந்து ஒரு கையை எடுத்து, கட்டை விரலை மட்டும் நீட்டிக் காட்டுச்சு. "தெனம் போட்டியே, இத்த." சிரிச்சுட்டுக் கையைத் திரும்பக் கூடை மேலயே வெச்சுகிச்சு. "வுடு, பழைய கத."

"ஏங்க்கா அன்னிக்குப் போனைக் காட்டல?"

"காட்டுனா உன் படிப்பு பூடும். நம்ம பொண்ணு ஒண்ணு அந்த ரூம்புல கோட்டு மாட்டினு நிக்கிதுன்னு ஒரு சந்தோசம்மே எனக்கு."

கூடை மேல இருந்த அந்தக் கையை எட்டிப் புடிக்கப் போனேன். "வாணாம்மே, கை கலீஜா கீது, பினாயில் வாசன போவல"ன்னு மெதுவா இழுத்துகிச்சு. கோபமே இல்ல குரல்ல. கோபமா இருந்திருந்தா நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

தேரடி வந்துச்சு. அக்கா இறங்கணும்னா என் முட்டியைத் தாண்டித்தான் இறங்கணும். எழுந்து, ஒரு கையால புடவையைச் சுருட்டி ஒட்டிப் புடிச்சுகிட்டு, இன்னொரு கையால கூடையை நெஞ்சோட அணைச்சுகிச்சு.

"கொஞ்சம் நவுந்துக்கம்மே. மேல பட்டுடப் போவுது."

நான் நகர்ந்துகிட்டேன்.